குடியிருந்த முகவரி

பேங்க் அதிகாரி செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தார். வீட்டைப் பூட்டி சீல் வைக்க வந்த மனிதருக்கு இந்த மரியாதை வேறு எதற்கு என்று எனக்கு எரிச்சலாக இருந்தது.

கூட ஒரு போலீஸ்காரர். பூட்டும் அரக்கும் வைத்துக்கொண்டு இன்னொரு ஆள். வாசலில் எங்கள் ஜங்லிகாட் பேட்டையே திரண்டு வந்து நின்றது.

வீட்டுக்காரர் முத்துகிருஷ்ணன் அண்ணன், இந்த வீட்டை அடமானம் வைத்து வாங்கிய கடனைக் கட்டவில்லை. போன மாதம் சுவரில் ஒட்டிய நோட்டீஸை அவரே வந்து கிழித்துப்போட்டு, சும்மா மிரட்டுகிறார்கள் என்று சொன்னார். போன வாரம் மெயின்லேண்டுக்குக் கப்பலேறிவிட்டார்.

என் புருஷன் சுரேந்திரன் கப்பல் வேலையில் கேம்பல் பே போயிருந்தார். போன் எடுக்கவில்லை. வர இன்னும் மூன்று நாள்.

"கோயி காகஸ் ஹை, தீதி?" என்று கேட்டார் அதிகாரி.

காகிதம் இருந்தால் வழி உண்டு என்று நிதானமாக விளக்கினார். கடன் கொடுத்தது 2021 ஜூன் பதினான்காம் தேதி. வீட்டில் யாரும் குடியில்லை என்று அண்ணன் அப்போது எழுதிக் கொடுத்திருக்கிறார். அதற்கு முன்பே நாங்கள் இங்கே இருந்தோம் என்று சர்க்கார் காகிதம் ஒன்று காட்டினால் போதும். இன்றைக்கு சீல் வைக்க மாட்டார். கோர்ட் சொல்லும்வரை யாரும் எங்களை அசைக்க முடியாது.

ஒரே ஒரு காகிதம். நான் எங்கே போவேன்?

வாடகையைக் கையில்தான் கொடுத்தோம். கரண்ட் பில் அண்ணன் பேரில், கேஸும் அண்ணன் பேரில். எங்கள் ஆதாரும் ஓட்டு அட்டையும் இன்னும் நாங்கள் முன்பு இருந்த கட்சால் தீவு விலாசத்தில். மாற்ற வேண்டும், ஒரு அக்ரிமென்ட் போட்டுத் தாருங்கள் என்று கேட்டால் அண்ணன் சிரிப்பார். சிலோனிலிருந்து ஒரே கப்பலில் வந்து ஒரே தோட்டத்தில் ரப்பர் வெட்டிய குடும்பங்கள், நமக்குள் எதற்குக் காகிதம் என்பார். எங்களுக்கும் அது பெருமையாகத்தான் இருந்தது. புத்தி கெட்ட பெருமை.

அப்போதுதான் ஞாபகம் வந்தது.

பெட்டியின் அடியில், சேலைகளுக்குக் கீழே ஒரு கவர். என் மகள் ப்ரியங்காவின் இறப்புச் சான்றிதழ்.

மூன்று வயது. நாலு நாள் காய்ச்சல். இதே அறையில்தான் போனாள்.

அன்றைக்கு எங்கள் இருவருக்கும் கை கால் ஓடவில்லை. வண்டி பிடித்தது, குழி வெட்ட ஆள் சொன்னது, முனிசிபாலிட்டியில் பதிந்தது எல்லாம் அண்ணன்தான். இந்தக் கவரை ஒட்டி என் கையில் கொடுத்ததும் அவர்தான். நாலு வருஷமாக நானும் பிரிக்கவில்லை, என் புருஷனும் பிரிக்கவில்லை.

அவள் போனது ஜூன் ஐந்து. கடன் தேதிக்கு ஒன்பது நாள் முன்பு.

நான் சந்தோஷப்பட்டேன். மறைப்பானேன், பெற்ற பிள்ளை ஒன்பது நாள் முந்திச் செத்ததற்கு ஒரு நிமிஷம் சந்தோஷப்பட்டேன். கவரைக் கிழித்து அதிகாரியிடம் நீட்டினேன்.

அவர் நின்றபடி படித்தார். பிறகு உட்கார்ந்து இன்னொரு தடவை படித்தார். என்னை நிமிர்ந்து பார்க்காமல், ஒரு வரியில் விரலை வைத்து என் பக்கம் திருப்பினார்.

எனக்கு ஹிந்தி வாசிக்க வரும். இறந்தபோது குடியிருந்த முகவரி என்ற இடத்தில் கட்சால் என்று அச்சடித்திருந்தது. சுனாமிக்குப் பிறகு அங்கே எங்களுக்குக் கொடுத்த ஷெல்டரின் எண்கூட ஒரு எழுத்துப் பிசகாமல் இருந்தது.

சாமான்களை எடுக்க ஒரு மணி நேரம் கொடுத்தார் அதிகாரி. நல்ல மனுஷன். போலீஸ்காரரே கட்டிலின் ஒரு பக்கத்தைப் பிடித்தார்.

நான் அந்த ஷெல்டர் எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்றைக்குப் பிள்ளையை இன்னும் தூக்கியிருக்கவில்லை. மடியில்தான் வைத்திருந்தேன். அண்ணன் வந்து பக்கத்தில் உட்கார்ந்து, என் தலையில் கையை வைத்தார்.

"தங்கச்சி, கட்சால்ல ஒங்க ஷெல்டர் நம்பர் என்னா?"

ஊருக்குச் சேதி சொல்லி அனுப்பத்தான் கேட்கிறார் என்று நினைத்தேன். அழுகையோடு சொன்னதில் அவருக்குச் சரியாகக் கேட்கவில்லை.

மறுபடியும் சொன்னேன்.