ஆறாம் மாடி ஆட்சேபனை

“நான் உயிரோடை இருக்குமட்டும் உந்தக் கட்டடத்திலை ஏழாம் மாடி எழும்பாது, தம்பி.”

சொன்னவர் சிமியோன், குருநகர் மீனவர் சங்கமொன்றின் தலைவர். அறுபத்திரண்டு வயது, முழங்காலுக்கு எண்ணெய் பூசாத நாளில்லை. அந்த முழங்காலோடுதான் ஆறு மாடிப் படியும் ஏறிவந்து, கொங்கிறீற் தளத்தில் இடுப்பில் கைவைத்து நின்று சொன்னார்.

கேட்டுக்கொண்டு நின்றவன் சிவதர்ஷன். கடற்கரை வீதியில் எழும்பும் அந்த எட்டு மாடிக் குடியிருப்புக்கு அவன்தான் பொறியியலாளர். நாலு வருடம் கத்தார் வெயிலில் காய்ந்துவிட்டு சொந்த ஊர் நெல்லியடிக்குத் திரும்பியவன். மனைவிக்கு இது எட்டாம் மாதம். ஊரோடு கிடைத்த இந்த வேலையை விட அவனுக்கு மனமில்லை.

ஆறு மாடிக்கு மேலே போவதென்றால் மீனவர் சங்கத்தின் சம்மதக் கடிதம் வேண்டும் என்று அனுமதிப் பத்திரத்தில் எழுதியிருந்தது. மாத முடிவுக்குள் சிமியோன் கையெழுத்து வைக்காவிட்டால் கட்டடம் ஆறோடு நிற்கும். சிவதர்ஷனின் வேலையும் அதோடு சரி. பிறகென்ன, திரும்பவும் கத்தார்தான்.

“மாதா கோயில் கோபுரத்தைப் பாத்துத்தான் நாங்கள் கடலிலை இருந்து கரை பிடிக்கிறது. நீங்கள் எட்டு மாடி கட்டினால் கோபுரம் மறைஞ்சு போகும்.”

“இப்ப எல்லாப் படகிலையும் ஜிபிஎஸ் இருக்குத்தானே ஐயா?”

“ஜிபிஎஸ்ஸைப் பாத்து ஆரும் சிலுவை அடையாளம் போடுறேல்லை, தம்பி.”

சிவதர்ஷன் சம்மதக் கடிதத்தை நீட்டினான், சிமியோன் அதைத் தொடவேயில்லை.

“மறைக்குதோ இல்லையோ எண்டு நானே இதிலை நிண்டு வடிவாப் பாத்துத்தான் முடிவு சொல்லுவன். நாளைக்கும் வாறன்.”

வந்தார். அடுத்த நாளும் வந்தார். படகை மருமகனிடம் விட்டுவிட்டு, கனடாவிலிருந்து மகள் அனுப்பிய பைனாகுலரைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, காலை ஆறரைக்கெல்லாம் டாணென்று வந்து நின்றார்.

கோயில் இருந்தது வடக்கே, கூப்பிடு தூரத்தில். சிமியோனோ தெற்கே கடலைப் பார்த்தபடி ஒன்றரை மணித்தியாலம் அசையாமல் நிற்பார். கடலில் இருப்பவன் கண்ணுக்குத்தானே கோபுரம் மறையும், மனிதர் அந்தக் கோணத்தைத்தான் பிடிக்கிறார் என்று சிவதர்ஷன் நினைத்துக்கொண்டான். எட்டாம் மாதக்காரியை வீட்டில் விட்டுவிட்டு, இந்தப் பெரியவருக்குப் பால் விடாத பிளேன்ரீயும் கடிக்கப் பணிசும் சுமப்பது அவனுடைய அன்றாட வேலையாகிவிட்டது.

“ஐயா, கட்டடத்துக்கு மேலை லைற் போட்ட சிலுவை ஒண்டு வைச்சுத் தாறம். கோபுரத்தை விட உயரத்திலை இருக்கும். எந்தப் பக்கத்துப் படகுக்கும் தெரியும்.”

“நல்ல யோசினை,” என்றார் சிமியோன், பைனாகுலரை இறக்காமலே. “ஆனா அவசரப்படக் கூடாது. நாளைக்கும் ஒருக்காப் பாப்பம்.”

ஐந்தாம் நாள் அவருடைய மனைவி மக்டலீன் மூச்சிரைக்க ஏறி வந்தாள்.

“இஞ்சாருங்கோ, பக்கத்து வீட்டு எமில்ராஜ் கூடை கூடையா நண்டு இறக்கிறான். எங்கடை மருமகன் வெறும் வலையோடை வந்து நிக்கிறான், கறிக்கும் காணாது. நீங்கள் இதிலை நிண்டு காத்து வாங்குறியள்.”

“இது கோயில் விசயமப்பா. நீர் இறங்கிப் போம்.”

மக்டலீன் தலையில் அடித்துக்கொண்டு இறங்கிப் போனாள். கோயில் என்றதும் சிவதர்ஷனுக்கு இருந்த கொஞ்ச நம்பிக்கையும் போய்விட்டது. சாமி விஷயத்தில் பிடிவாதம் பிடிக்கும் மனிதரிடம் என்னத்தைக் கதைப்பது?

மாதக் கடைசி நாள் வந்தது. கொழும்பிலிருந்து முதலாளி அழைப்பெடுத்தார், இரண்டே நிமிடம் கதைத்தார். சிவதர்ஷன் கைபேசியைச் சட்டைப்பைக்குள் போட்டுவிட்டுப் படியேறினான். மனைவிக்கு என்ன சொல்வதென்று நினைக்க நினைக்க அவனுக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது.

“ஐயா, நீங்கள் வெண்டிட்டியள். ஆறோடை நிப்பாட்டச் சொல்லிப்போட்டினம். நாளைக்கு இந்தத் தளத்துக்கு ஏறுற கதவையும் பூட்டிப்போடுவம். இனி நீங்கள் முழங்கால் நோவோடை ஏறத் தேவையில்லை.”

சிமியோன் துள்ளிக் குதிப்பார் என்று எதிர்பார்த்தான். மனிதரின் முகமோ தொங்கிப் போயிற்று.

“பூட்டப் போறியளோ?”

“ஓம் ஐயா.”

“உந்தக் கடிதத்தை இஞ்சை தாங்கோ.”

சுவரில் வைத்து, ஒரு சொல் வாசிக்காமல் கையெழுத்துப் போட்டார். போட்டவர் அதோடு விடவில்லை. ‘எட்டு மாடி’ என்றிருந்த இடத்தைத் தேடி, எட்டை வெட்டிப் பத்து என்று எழுதினார்.

சிவதர்ஷன் கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். “அப்ப கோபுரம், ஐயா?”

சிமியோன் படிப்பக்கம் யாரும் வருகிறார்களா என்று ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, அவன் காதருகே வந்தார்.

“அது கிடக்கட்டும் தம்பி, இவ்வளவு உயரத்திலை நிண்டு பாத்தும் எமில்ராஜ் எங்கை வலை விடுறான் எண்டு தெரியேல்லை.”