கூறைச் சுருள்

லாசால் மண்டபத்தின் ஜன்னலில் பனி உருகி வழிந்துகொண்டிருக்கிறது. மேசைக்குப் பின்னால் நின்று ஞானசுந்தரம் தாமஸ் டேவன்போர்ட்டின் கதையைச் சொல்கிறார். நாட்டின் எல்லைக்கு அந்தப் பக்கம், வெர்மாண்டில் வாழ்ந்த கொல்லன். மின்காந்தத்தைக் கண்ட நாளிலிருந்து உலையை மறந்தவன். மோட்டார் செய்தும் ஏழையாகவே செத்தவன். "கம்பியில கம்பி முட்டக்கூடாது. இடையில சுத்திறதுக்குப் பட்டு வேணும். அவற்ற மனிசி தன்ர கலியாணப் பட்டையே கிழிச்சுக் குடுத்தவ. மனிசி எண்டா அப்பிடி இருக்கவேணும்!" சபை கைதட்டுகிறது. முன்வரிசையில் அவருடைய மனைவி மனோகரியின் கைகள் மடியிலேயே கிடக்கின்றன. மேசையில் அவர் செய்த மோட்டார் இருக்கிறது. செம்புக் கம்பியைச் சுற்றியிருக்கும் துணி அரக்குச் சிவப்பு. வெயில் பட்ட இடத்தில் சரிகை மின்னுகிறது. அவளுடைய கலியாணக் கூறைச் சேலை. செத்தால் தனக்கு அதை உடுத்தித்தான் எரிக்க வேண்டும் என்று, அலுமாரியின் அடியில் வெள்ளைத் துணியால் சுற்றி வைத்திருந்தது. இன்று காலைகூட அது அங்கேதான் இருக்கிறதென்று நினைத்திருந்தாள். ஞானசுந்தரம் பற்றரியை இணைக்கிறார். சக்கரம் அசையவில்லை. பட்டுக் கருகும் மணம் மட்டும் எழுகிறது. "என்ன அண்ணை, ஓடேல்லையோ?" என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்க, சிரிப்பு பரவுகிறது. மனோகரி எழுந்து வந்து, சூடேறிய சுருளை விரலால் தடவுகிறாள். "சரிகையும் கம்பிதானப்பா," என்கிறாள், அவருக்கு மட்டும் கேட்கும் குரலில். "என்னட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா, சரிகை இல்லாத பக்கமாப் பார்த்து நானும் கிழிச்சுத் தந்திருப்பன்."