கத்திக்கு முந்திய குண்டு

துவக்கு வெடித்ததும் நான் ஓடத் தொடங்கினேன்.

காதுக்குள் ஒரே இரைச்சல். குளத்தோரத்துக் கொக்கெல்லாம் ஒன்றாக எழும்பின. எனக்கு முன்னால், மிஞ்சினால் ஐம்பது யார் தூரத்தில், கொம்பன் மரைமான் முன்னங்கால் மடிந்து விழுவது தெரிந்தது.

சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, கையில் கத்தியோடு, முள்ளென்றும் குழியென்றும் பாராமல் ஓடினேன்.

என் வேலை அதுதான். மக்கீன் காக்கா சுடுவார். விழுந்த மிருகத்தின் உயிர் போவதற்குள் நான் போய் அல்லாஹ்வின் பெயரால் பிஸ்மி சொல்லி அறுக்க வேண்டும். அறுத்துவிட்டால் ஹலால். இறைச்சி நாலு பங்கு. துவக்குக்கு இரண்டு, கத்திக்கு ஒன்று, தடம் பார்த்துக் கூட்டிப் போகிற நல்லரெத்தினத்துக்கு ஒன்று.

கத்தி போவதற்குள் உயிர் போய்விட்டால் எங்களுக்கு ஆகாது. முழு மிருகமும் நல்லரெத்தினத்துக்குத்தான். அவன் ஆலையடிவேம்புத் தமிழன், அவனுக்கு அந்தத் தடை இல்லை.

புயலுக்குப் பிறகு இரண்டு தடவை வேட்டைக்குப் போனோம். இரண்டு மிருகமும் அவனுக்கே போயின.

குற்றம் என் காலில் இல்லை, அந்தத் துவக்கில். அணைக்கட்டு வேலைக்கு வந்த வெள்ளைக்கார இஞ்சினியர் ஒருவர் ஊர் திரும்பும்போது மக்கீன் காக்காவிடம் விற்றுவிட்டுப் போனது. யானைக்கென்றே செய்தது. தோட்டா ஒவ்வொன்றும் என் நடுவிரலை விட நீளம். சுட்டால் காக்காவே ஓரடி பின்னால் போவார். தோள் மூன்று நாளைக்குக் கன்றிக் கிடக்கும். இறக்காமத்து வயலில் யானை இறங்கினால் அந்தத் துவக்கைத்தான் கூப்பிடுவார்கள், கூடவே காக்காவும் போவார்.

யானைக்குச் சரி. மரைக்கு அது அநியாயம். குண்டு பட்ட இடத்திலேயே கதை முடிந்துவிடும்.

மரைக்கென்று காக்காவிடம் சின்னத் துவக்கு ஒன்று இருந்தது. அதில் அடிபட்ட மிருகம் கொஞ்சநேரம் கிடந்து துடிக்கும், நான் ஆறுதலாக நடந்துபோய் அறுப்பேன். அதைக் கொண்டுவரச் சொன்னால், "புயல் மழையில நனஞ்சி துருப் புடிச்சிப் பெய்த்துடா" என்பார்.

எழுபத்தெட்டாம் ஆண்டுப் புயல் எல்லோர் கூரையையும்தான் கொண்டுபோனது. நல்லரெத்தினத்துக்கோ வீடு, மாடு, அடுக்கி வைத்த நெல் எல்லாமே போனது. மூன்று பிள்ளைகளும் நிவாரண மாவில் உயிர் பிழைத்துக் கிடந்தன. மக்கீன் காக்கா ஒரு மூட்டை அரிசி அனுப்பினார். அடுத்த நாளே அது வண்டிலில் திரும்பி வந்தது, கட்டுக்கூட அவிழ்க்காமல். அவன் அப்படியொரு ஆள். பங்கு என்றால் வாங்குவான், சும்மா தந்தால் தொடமாட்டான்.

நானும் மனிதன்தானே. கல்முனைக்குடியில் என் மனைவி ஜுனைதா இரண்டு தடவை மசாலை அரைத்துவைத்து ஏமாந்திருந்தாள். பளீலின் கத்தி புல் வெட்டத்தான் லாயக்கு என்று சந்தையில் என்னைப் பகிடி பண்ணினார்கள் வேறு. அதனால்தான் இந்தத் தடவை காக்காவோடு நிற்காமல், மரை வரும் இடத்துக்குப் பக்கத்துப் பற்றைப் புதருக்குள் முன்கூட்டியே போய்ப் படுத்திருந்தேன். வேண்டாம் என்றார். நான் கேட்கவில்லை.

போய்ச் சேர்ந்துவிட்டேன்.

மரையின் கழுத்தில் கை வைத்தேன். உள்ளே துடித்தது. அல்ஹம்துலில்லாஹ் என்று வாய்விட்டே சொன்னேன். கத்தியை எடுத்தேன். பிஸ்மி நாக்கு நுனியில் நின்றது.

அப்போதுதான் நல்லரெத்தினத்தைக் கண்டேன்.

மரத்தடியில் நின்றான். என்னையும் பார்க்கவில்லை, மரையையும் பார்க்கவில்லை, என் கத்தியைப் பார்த்துக்கொண்டு நின்றான். கக்கத்தில் மடித்த சாக்கு இரண்டு. ஒரு பங்குக்கு இரண்டு சாக்கு தேவையில்லை. நான் கண்டுவிட்டேன் என்று தெரிந்ததும் ஒன்றை முதுகுக்குப் பின்னால் மறைத்தான்.

கத்தியைத் தாழ்த்தினேன்.

"உசிர் இரிக்காடா பளீல்?" பின்னால் வந்துகொண்டிருந்த மக்கீன் காக்கா கேட்டார்.

என் கை இன்னும் அந்தக் கழுத்தில்தான் இருந்தது.

"இல்ல காக்கா. உசிர் பெய்த்து."

பொய்தான். சொல்லி வாய் மூடுவதற்குள் துடிப்பு நின்றுவிட்டது. அந்த அளவுக்காவது படைத்தவன் என்னைக் காப்பாற்றினான். ஜுனைதாவுக்கு என்ன சொல்வதென்றுதான் தெரியவில்லை.

நல்லரெத்தினம் வந்து மரையைச் சுற்றி ஒரு நடை நடந்தான். கொம்பைத் தொட்டுப் பார்த்தான். பிறகு சிரித்தான். புயலுக்குப் பிறகு அவன் சிரித்து நான் கண்டதில்லை.

"உங்கட துவக்கு எங்கட வீட்டுக்குத்தான் உழைக்குது காக்கா. இறைச்சிய வத்தல் போட்டா சித்திரை வருசம் வரைக்கும் காணும்."

காக்கா கோபக்காரர் மாதிரிக் காறித் துப்பினார். துவக்கைத் திறந்து வெறுந்தோட்டாவை எடுத்து மடியில் போட்டுக்கொண்டார். தோளைத் தடவியபடி என் பக்கத்தில் வந்து குந்தினார். மரையின் கழுத்தைத் தொட்டார். அது இன்னும் சூடாக இருந்திருக்கும். என் முகத்தைப் பார்த்தார்.

நல்லரெத்தினம் மரையைக் கட்டக் கொடி வெட்டப் போனான். அவன் போனதும் காக்கா என் காதோடு சொன்னார்.

"இனி இவ்வளவு கெதியா ஓடாத."

கத்தியை உறையில் போட்டேன். சின்னத் துவக்கின் துருவைப் பற்றி அதன் பிறகு நான் கேட்கவே இல்லை.