நாலு பாத்திரத்துக்கு ஒரு தடவை

“பாருங்கோ, மறுபடியும் இடுப்புல கையை வெச்சுண்டு நிக்கறது! நாலு பாத்திரம் தேய்ச்சாச்சோ இல்லையோ, உடனே க்ஷீணம்!”

சேஷம்மாளின் குரல் கல்பாத்தித் தெரு வரைக்கும் கேட்டது. சந்தனமேரி நிமிரவில்லை. அடுக்களைத் தரையில் உட்கார்ந்து வாழைப்பூ ஆய்ந்துகொண்டிருந்தாள்.

அவள் பழக்கமே அது. வேலை நேரத்தில் தலை நிமிராது, வாய் திறக்காது. இடுக்கியில் எஸ்டேட் லயத்து வீட்டை விட்டு வருவதற்கு முன் கடைசியாகப் பார்த்த, ஒரு கொட்டகையில் நாளெல்லாம் பாத்திரம் தேய்க்கிற வேலையில் படிந்தது. “கண்ணு கையிலயே இருக்கணும், பேச்சு கூடாது” என்று சூப்பர்வைசர் தினமும் சொல்லுவான்.

திட்டு இப்போது அவளுக்கில்லை. புதிய தொட்டியின் முன் நின்ற மெஷினுக்கு. ஆள் உயரம், இரண்டு கை, காலுக்குப் பதில் சக்கரம். பெங்களூரிலிருந்து மகன் அத்வைத் அனுப்பி வைத்துப் பதினைந்து நாள் ஆகிறது.

நாலு பாத்திரம் தேய்க்கும். நிற்கும். இடது கையை இடுப்பில் வைத்து, வலது மணிக்கட்டை இரண்டு தடவை சுழற்றும். அப்புறம்தான் ஐந்தாவது பாத்திரம்.

கொழிஞ்சாம்பாறையிலிருந்து வந்திருந்த சர்வீஸ் ஆள் காளிச்சாமி, மெஷினின் முதுகை மூன்றாவது முறையாகத் திறந்து மூடினான். காலையிலிருந்து இது அவனுக்கு நாலாவது வீடு.

“கோளாறு ஒண்ணுமே காட்டலீங்கம்மா. மோட்டாரு, பேட்டரி எல்லாம் நல்லா இருக்குதுங்க.”

“பின்னே எதுக்கு நிக்கறது? மெஷினுக்கு முதுகு வலியா?”

“ஒன்னைப் பார்த்துப் பயந்துண்டு நிக்கறதோ என்னமோ” என்றார் அவள் கணவர் ராஜாராமன், பேப்பரை இறக்காமல்.

சேஷம்மாள் சிரிக்கவில்லை. சந்தனமேரியும் சிரிக்கவில்லை. அவள் காது முழுக்கக் காளிச்சாமியின் திருப்புளியிலேயே இருந்தது. மெஷின் சரியாக ஓடினால் இனி வரவேண்டாம் என்று அது வந்த அன்றே சொல்லிவிட்டார்கள். சரியாகாவிட்டால் அது போகும், அவள் இருப்பாள்.

இதே தெருவில் அவள் வேலை பார்த்த இன்னும் மூன்று வீட்டுக்கு ஏற்கெனவே மெஷின் வந்தாயிற்று. மிச்சம் இது ஒன்றுதான்.

வேலையில் அதைக் குறை சொல்ல முடியவில்லை. சாம்பார்ப் பாத்திரத்தின் விளிம்புக்கு அடியில் விரலைவிட்டு வழித்துப் பார்க்கிற மெஷினை அவள் எதிர்பார்க்கவில்லை.

காளிச்சாமி கம்பெனிக்குப் போன் போட்டான். ரொம்ப நேரம் “சரிங்க, சரிங்க” என்று கேட்டுக்கொண்டிருந்துவிட்டு வைத்தான்.

“அம்மா, இது யாரோ ஒரு பொம்பளைகிட்டக் கத்துக்கிட்டதுங்க. அவங்க தலையில கேமராவைக் கட்டிட்டுப் பாத்திரம் தேச்சிருக்காங்க. அந்தப் படத்தைப் பாத்துப் பாத்து இதும் அப்பிடியே பண்ணுது. வேலை சுத்தமா இருக்குதுன்னு இந்த மாடலுக்கு முச்சூடும் அந்த ஒருத்தங்க படத்தையே போட்டுட்டாங்களாமுங்க.”

“நிக்கறதை மட்டும் எடுத்துடேன்.”

“தனியா உருவ முடியாதுங்க. உருவினா தேய்க்கறதும் சேந்து போயிருமுங்க.”

சந்தனமேரி முதல் தடவையாக வாய் திறந்தாள். “எந்த ஊருப் பொம்பள, தம்பி?”

“பேரு, ஊரெல்லாம் சொல்ல மாட்டாங்கக்கா. வெறும் நம்பருதான்.”

அவள் அடுத்த பூவை எடுத்து நரம்பை உருவிப் போட்டாள்.

சேஷம்மாள் முடிவுக்கு வந்துவிட்டாள். “எடுத்துண்டு போயிடுப்பா. நின்னு நின்னு வேலை செய்யறதுக்கு மெஷின் எதுக்கு? மனுஷா போறாதா?”

காளிச்சாமி மெஷினின் முதுகு மூடியை முடுக்கினான். இந்த மாதம் அவன் திருப்பி ஏற்றுகிற மூன்றாவது மெஷின் அது. போர்வையைச் சுற்றி, கயிறு கட்டி, வாசலில் நின்ற வேனுக்குத் தள்ளிக்கொண்டு போனான்.

“நீயே இருந்துக்கோ மேரி” என்றாள் சேஷம்மாள். “லீவு மட்டும் கேக்கப்படாது.”

“சரிங்கம்மா.”

சந்தனமேரி எழுந்து தொட்டிக்குப் போனாள். காலைப் பாத்திரம் பாதிதான் ஆகியிருந்தது. இரண்டு வருடமாக அவள் கொல்லைக் குழாயடியில்தான் தேய்த்தாள். சேஷம்மாள் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. மெஷினுக்காகக் கொல்லைக் குழாயை அடைத்துத் தொட்டியை உள்ளே வைத்திருந்தார்கள்.

பதினைந்து நாளாக மெஷினைக் கண்காணித்த பழக்கத்தில், சேஷம்மாள் நாற்காலியை இழுத்துப் போட்டுத் தொட்டிக்கு எதிரே உட்கார்ந்தாள்.

குக்கர். வெண்கலப் பானை. வாணலி. பால் பாத்திரம்.

சந்தனமேரியின் இடது கை தானாக இடுப்புக்குப் போயிற்று. வலது மணிக்கட்டு இரண்டு தடவை சுழன்றது. அவளுக்கு அது தெரியக்கூட இல்லை.

வாசலில் வேன் கிளம்பும் சத்தம் கேட்டது. சேஷம்மாள் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள்.

“ஏன்னா, அந்த வேனை நிறுத்துங்கோ! இவளுக்கும் அதே ரிப்பேர்!”