கரண்டு போச்சுல்லா

“ஒரு பெட்டியத் தொறக்கத் தெரியல்ல. இதுக்கொரு டிகிரி வேற!”

செக்ரட்டரி நீலகண்டன் பால் ஊற்ற நின்ற வரிசை முழுக்கக் கேட்கும்படி சொன்னார். கம்ப்யூட்டர் பார்க்கும் பெண் சுபிதா, திரும்பாமல் மறுபடியும் பட்டனை அழுத்தினாள்.

பால் சங்கத்துக் கம்ப்யூட்டர் காலையிலிருந்து எழும்ப மாட்டேன் என்கிறது. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் ஓடும், பாதியில் நிற்கும், அவ்வளவுதான். அது எழும்பினால்தான் பால் சோதிக்கும் மெஷின் வேலை செய்யும். யார் பாலில் எவ்வளவு கொழுப்பு என்று வாசல் போர்டில் சிவப்பு எழுத்தில் ஊருக்கே காட்டும்.

“நேத்து சாயங்காலம் லினக்ஸ் அப்டேட் போட்டுட்டுப் போனேன் அண்ணாச்சி. முடியிறதுக்குள்ள அணைஞ்சிருக்கு.”

“ராத்திரி கரண்டு போச்சு. அதுக்கு நான் என்ன செய்ய?”

“யுபிஎஸ் செத்துக் கெடக்குன்னுதான், யாரும் தொடாண்டாம்னு உங்ககிட்ட சொல்லிட்டுப் போனேன்…”

“எனக்குப் பாடம் எடுக்காத. போய் எதிர்த்த கடையில ஒரு டீ குடிச்சிட்டு வா. மூஞ்சியப் பாரு, பேயடிச்ச மாதிரி.”

கேலி செய்கிறார் என்று நினைத்து அவள் எழுந்திருக்கவில்லை.

வரிசையில் முதலில் நின்ற பொன்னுலிங்கம் சிரித்தார். “கரண்டு போச்சா? எங்க தெருவுல சீரியல் ஒழுங்கா ஓடிச்சே வேய்!”

“உமக்கு எப்பவும் சீரியல்தான். கேனத் தூக்கும்.”

நீலகண்டன் அலமாரியிலிருந்து பழைய லாக்டோமீட்டரை எடுத்துத் துடைத்தார். “மெஷின் வாற வரைக்கும் பழைய வழிதான். தண்ணி இருக்கா இல்லியான்னு பாப்பேன். எல்லாருக்கும் ஒரே ரேட்டு.”

“அப்போ எம் மாட்டுப் பாலும் சொர்ணத்துக்க பாலும் ஒண்ணா வேய்?”

வரிசை சிரித்தது. கடைசியில் நின்ற சொர்ணம்மாள் மட்டும் தரையைப் பார்த்தாள்.

இரண்டு நாளாகக் கொழுப்பு குறைவென்று அவள் பால் திரும்பிப் போகிறது. மூன்றாம் நாளும் திரும்பினால் உறுப்பினர் அட்டை ரத்து. அந்த விதியைப் பலகையில் எழுதி மாட்டியவர் நீலகண்டன். போன வருஷம் சொந்தத் தம்பியின் அட்டையையே ரத்து செய்தவர்.

சொர்ணம்மாள் மெல்ல ஜன்னலோரம் வந்தாள்.

“சத்தியமா தண்ணி ஊத்தல்ல மக்கா. வைக்கோல் பூரா மழையில அழுகிப் போச்சு. வெறும் பச்சப்புல்லு தின்னா பால் நீர்த்துத்தானே போகும்? இன்னைக்குச் சாயங்காலம் ஆரல்வாய்மொழியில இருந்து வைக்கோல் வண்டி வருகு.”

சுபிதா தலையை ஆட்டிவிட்டுத் திரைக்குத் திரும்பினாள்.

பழைய வெர்ஷனில் எழுப்பிப் பார்த்தாள்; அதுவும் நின்றது. ரெக்கவரி மெனுவுக்குள் போனாள். பாதியில் அறுந்த அப்டேட்டை விட்ட இடத்திலிருந்து தொடரச் சொன்னாள். எழுத்துகள் எறும்பு மாதிரி ஊர்ந்தன. கண் எரிந்தது. முதுகு வலித்தது.

“டீ குடிச்சிட்டு வான்னு சொன்னேன்லா?” என்றார் நீலகண்டன் மறுபடியும்.

“இந்தா முடிஞ்சிரும் அண்ணாச்சி.”

வரிசை கரைந்தது. பொன்னுலிங்கம் பாலை ஊற்றிவிட்டும் போகாமல், உள்ளே எட்டிப் பார்த்தபடி வாசலிலேயே நின்றார்.

திரை ஒருமுறை இருண்டது. பிறகு நீலமாக விரிந்தது. வாசல் போர்டில் சிவப்பாக ஒரு பூஜ்யம் மின்னியது.

“வந்துட்டு அண்ணாச்சி!”

சொன்ன பிறகுதான் பார்த்தாள். மேஜைமேல் இருந்தது சொர்ணம்மாளின் கேன். சுபிதா நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

“ஆகா!” என்றார் பொன்னுலிங்கம். “இனி தெரிஞ்சிரும்லா, பாலா தண்ணியான்னு!”

நீலகண்டன் திரையைப் பார்த்தார். கேனைப் பிடித்திருந்த சொர்ணம்மாளின் கையைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைத்துக்கொண்டே கதவுக்குப் பின்னால் நகர்ந்தார். அங்கேதான் மெயின் சுவிட்ச். சுபிதா உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து மட்டும்தான் அது தெரியும்.

டக்.

ஃபேன் நின்றது. திரை அணைந்தது. போர்டும் அணைந்தது.

“எங்கட்டி வந்துட்டு? கரண்டு போச்சுல்லா,” என்று அலுத்துக்கொண்டே திரும்பி வந்தார். லாக்டோமீட்டரைப் பாலில் விட்டுக் குனிந்து பார்த்தார். “தண்ணி இல்ல. ஊத்து சொர்ணம்.”

“நேத்தும் போச்சு, இன்னைக்கும் போச்சு. நல்ல கரண்டு வேய் இது!” என்றார் பொன்னுலிங்கம்.

அவருடைய முதுகுக்குப் பின்னால், எதிர்த்த டீக்கடையில் டியூப் லைட் பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தது.