வேலியோரச் சுரைக்காய்

“பட்டப்பகல்ல அண்ணியே பறிச்சுட்டுப் போறாங்க, என் ரெண்டு கண்ணால பார்த்தேன்! நாளைக்கே முள்கம்பி போடறேன்.”

வீட்டுக்குள் வந்த விவசாயி வானத்துக்கும் பூமிக்குமாகக் குதித்தார். பறிபோனது, விதைக்கென்று கொடியிலேயே முற்றவிட்ட வரிச் சுரைக்காய்.

“மேட்டு நிலத்துல அவங்க கொடியெல்லாம் வெயில்ல கருகிடுச்சுங்க” என்றாள் மனைவி.

“அதுக்காகத் திருடுறதா? பாகம் பிரிச்ச நாள்லேருந்து அண்ணன் வீட்டுல நம்ம மூஞ்சியப் பாத்துப் பேசறதில்ல. விதை மட்டும் இனிக்குதாக்கும்!”

“மூணு வருஷம் முன்னாடி தண்ணி நின்னு நம்ம பள்ளத்துல எல்லாக் கொடியும் அழுகிச்சே, ஞாபகம் இருக்கா? கடைகடையா அலைஞ்சீங்க. எங்கயும் இந்த ரகம் கிடைக்கல. மறு வருஷம் எதை விதைச்சோம்?”

“நீதான் விதை எடுத்து வெச்சிருந்தியே.”

“எடுத்துதான் வெச்சேன், அவங்க வேலியிலேருந்து. என் கைக்கு எட்டுற மாதிரி அக்கா ஒரு முத்தின காயைக் கட்டி விட்டிருந்தாங்க. இந்தத் தடவை நான் கட்டினேன்.”

விவசாயி குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

“அப்போ முள்கம்பி?”

“தாராளமா போடுங்க. ஒரு சுரைக்காய் நுழையற அளவுக்கு மட்டும் இடம் விட்டுடுங்க.”