காலி டோனட் பெட்டி

கிரெய்க் ஹால்வர்சன் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டு எழுந்தார். எழும்போதே இரண்டு விரல்கள் தாமாகப் போய் விண்டோஸ் கீயையும் 'எல்'லையும் சேர்த்து அமுக்கின.

திரையைத் திரும்பிப் பார்க்கவில்லை. இத்தனை வருடமாக அந்த இரண்டையும் அமுக்கினால் கம்ப்யூட்டர் பூட்டிக்கொள்ளும். இதில் பார்க்க என்ன இருக்கிறது?

திரை பூட்டிக்கொள்ளவில்லை.

அது பழைய விண்டோஸ் கம்ப்யூட்டர் இல்லை, ஆப்பிள் மேக். அதைப் பூட்டுவதற்கு வேறு கீகள். கம்பெனியின் ரெஜைனா நகரக் கிளையில் மற்றவர்களுக்கெல்லாம் போன வாரமே மேக் வந்துவிட்டது. மேனேஜர் கிரெய்க்குக்கு மட்டும் இன்று காலைதான் வைத்தார்கள்.

வைத்தவள் மார்னி டைக். கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்வது அவள் வேலை. கிரெய்க்கின் கண்ணாடி அறைக்கு எதிரேதான் அவள் மேஜை. அங்கிருந்தே திரை பளிச்சென்று திறந்து கிடப்பது தெரிந்தது.

அந்த இன்ஷூரன்ஸ் ஆபீசில் ஒரு வழக்கம் உண்டு. யாராவது திரையைத் திறந்து போட்டுவிட்டு எழுந்து போனால், பக்கத்தில் இருப்பவர் போய் உட்கார்ந்து, போனவர் பெயரிலேயே எல்லோருக்கும் ஒரு வரி தட்டிவிடுவார்: 'நாளைக்கு டோனட் என் செலவு.' மறுநாள் ஆசாமி பெட்டியோடு வந்தாக வேண்டும். தின்று, சிரித்து, அதோடு மறந்துவிடுவார்கள்.

கிரெய்க் மேனேஜராக வந்ததும் சிரிப்பு போயிற்று. திரை திறந்து கிடந்தால் வேலை போகும், யாராயிருந்தாலும் சரி என்று விதி எழுதி, டொராண்டோ தலைமையகத்தையும் தலையாட்ட வைத்தார்.

முதலில் மாட்டியவள் பெத்தனி. பிள்ளை ஐஸில் வழுக்கி விழுந்து கையை உடைத்துக்கொண்டான் என்று பள்ளிக்கூடத்திலிருந்து போன். போட்டது போட்டபடி ஓடினாள். கிரெய்க் நிதானமாக அவள் நாற்காலியில் உட்கார்ந்து டோனட் வரியை அடித்தார்.

மறுநாள் அழுத முகத்தோடு, டோனட் பெட்டியும் கையுமாக வந்து நின்றவளிடம் ஆபீஸ் முழுக்கக் கேட்கும்படி சொன்னார்: "வாங்கிட்டு வந்துட்டியா? நல்லதாப் போச்சு. இவங்க தின்னு முடிச்சதும் அந்தக் காலிப் பெட்டியிலேயே உன் சாமானை அள்ளிட்டுக் கிளம்பு."

பெத்தனியும் மார்னியும் ஒரே காரில் வேலைக்கு வந்தவர்கள். பெத்தனி இப்போது நெடுஞ்சாலை ஓரத்துப் பெட்ரோல் பங்கில் கல்லாவில் நிற்கிறாள். பக்கத்து சீட் காலியாகக் கிடப்பதைப் பார்க்கும்போதெல்லாம் மார்னிக்கு வயிறு எரியும். அந்த ஆளைச் சும்மா விடக்கூடாது என்று ஒவ்வொரு சிக்னலிலும் நினைத்துக்கொள்வாள்.

இன்று காலை மார்னி ஒரு பெட்டி டோனட்டோடு வந்தாள். யார் மாட்டினது, யார் மாட்டினது என்று எல்லோரும் மொய்த்தார்கள். யாருமில்லை, சும்மாதான் என்றாள். பத்து நிமிடத்தில் பெட்டி காலி.

அதற்குள் கண்ணாடி அறையில் ரகளை. கிரெய்க் ஒரு வரியைக் காப்பி செய்ய அமுக்கினால் காப்பி ஆகவில்லை. பேஸ்ட் செய்ய அமுக்கினால் என்னவோ ஆயிற்று. எவன் கண்டுபிடித்தான் இந்தச் சனியனை என்று மேஜையைக் குத்தினார். மற்றவர்களுக்குச் செய்ததைப் போலவே மார்னி அவருக்கும் அவருடைய பழைய கீபோர்டையே செருகினாள். கீகளைப் பழையபடி மாற்றி வைத்தாள்.

"இந்த வயசுல உங்க கை எதுக்குப் புதுசாப் பழகணும், கிரெய்க்? அதுபாட்டுக்குப் பழையபடியே ஓடட்டும்."

காப்பி ஆயிற்று, பேஸ்ட் ஆயிற்று. முதன்முதலாக அவளைப் பார்த்து நன்றி சொன்னார்.

இப்போது அவர் போயிருப்பது காபிக்கு. டொராண்டோவிலிருந்து பெரிய அதிகாரி லிண்ட்சே வந்து மீட்டிங் அறையில் உட்கார்ந்திருக்கிறார். அவர் வரும் நாள் ஒரு மாதமாகவே எல்லோருக்கும் தெரியும்.

மார்னி எழுந்து போய் கிரெய்க்கின் நாற்காலியில் உட்கார்ந்தாள். அவருடைய மெயில், மற்றவர்களின் சம்பளம், எல்லாம் கண்முன்னே விரிந்து கிடந்தன. எதையும் தொடவில்லை. அவள் ஒன்றும் திருடி இல்லை. ஆபீஸ் வழக்கப்படி ஒரே ஒரு வரிதான் அடித்தாள், எல்லோருக்கும், டொராண்டோவுக்கும் சேர்த்து.

'நாளைக்கு டோனட் என் செலவு.'

மேஜைக்கு மேஜை டிங் டிங் என்றது. தலைகள் நிமிர்ந்தன. அனுப்பியவர் பெயரைப் பார்த்ததும் ஒருவரும் சிரிக்கவில்லை. மீட்டிங் அறைக் கதவு திறந்தது.

கிரெய்க் இரண்டு கையிலும் காபியோடு வந்து நின்றார். திரையைப் பார்த்தார். காபி தளும்பிச் சட்டையில் கொட்டியது. நான் அமுக்கினேன், சத்தியமாக அமுக்கிவிட்டுத்தான் போனேன் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். உண்மையைத்தான் சொன்னார், பாவம்.

"யாரா இருந்தாலும் சரின்னு எழுதினது நீங்கதானே?" என்றார் லிண்ட்சே.

மதியத்துக்குள் முடிந்துவிட்டது. கண்ணாடி அறைக்குள் கிரெய்க் இழுப்பறைகளைக் காலி செய்துகொண்டிருந்தார். சாமானை எதில் போடுவது என்று தெரியாமல் சுற்றும்முற்றும் பார்த்தார்.

மார்னி தன் மேஜையிலிருந்து எழுந்தாள். எழும்போதே அவள் விரல்களும் பழக்கத்தில் விண்டோஸ் கீயையும் 'எல்'லையும் அமுக்கின.

திரை உடனே பூட்டிக்கொண்டது.

அந்த ஆபீசில் எல்லோருடைய மேக்கும் அப்படித்தான் பூட்டிக்கொள்ளும். ஒவ்வொன்றின் முன்னாலும் உட்கார்ந்து பூட்டும் கீகளையும் பழையபடி மாற்றிக் கொடுத்தது அவள்தான். கிரெய்க்குடையதில் மட்டும் விட்டுப்போயிற்று.

காலிப் பெட்டியை எடுத்துக்கொண்டு கண்ணாடி அறைக்குப் போனாள்.

"இந்தாங்க, கிரெய்க். பெத்தனிக்கு இது போதுமா இருந்துச்சு."